வினவும் கருவியும் வழங்கி ஆக்கும் பக்கமும்

இணையத்தளத்தின் பக்கமொன்று நம் கண்முன் தோன்றும் முறைகள் இரண்டு. வழங்கி எனப்படும் கணினி வெறும் சட்டத்தை அனுப்ப, நம்மிடமுள்ள உலாவி தகவல்களைக் கேட்டுப் பெற்று நிரப்புதல் ஒன்று. வழங்கியே தகவல்களைச் சேர்த்து முழுப் பக்கத்தையும் ஆக்கி அனுப்புதல் மற்றொன்று. பின்னைய முறைக்கு, 2016ஆம் ஆண்டு வெளிவந்த நெக்ஸ்ட் ஜேஎஸ் என்னும் சட்டகம் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

வினவும் கருவி என்பது யாது? வேண்டிய தரவைக் கேட்டுப் பெற்று, கிடைத்த விடையைத் தன் நினைவில் வைத்திருந்து, அதே வினா மீண்டும் எழுங்கால் உடனே எடுத்துக் கொடுக்கும் மென்பொருளே அது. டானர் லின்ஸ்லி என்பவர் உருவாக்கி, 2019ஆம் ஆண்டு வெளிவந்த ரியாக்ட் குவெரி இவ்வகையினது. இன்று டான்ஸ்டாக் குவெரி என வழங்குகின்றது.

உலாவியில் இக்கருவி ஒருவருக்கே பணி செய்கின்றது. வழங்கியிலோ ஒரே வேளையில் ஆயிரம் பேர் வந்து நிற்பர். இவ்வேறுபாட்டை மறந்தால் இடர் விளையும். ஓர் அலுவலகத்து எழுதுவினைஞர், வருவோர் அனைவரின் விபரங்களையும் ஒரே தாளிற் குறித்து, அத்தாளை மேசைமீது விரித்து வைத்திருப்பாராயின், முன்னவரின் கடன் கணக்கைப் பின்னவர் படித்துவிடுவார் அன்றோ? வழங்கியில் கருவியை ஒருமுறை மட்டும் உண்டாக்கி, எல்லோருக்கும் பொதுவாக விட்டால் நேரக்கூடியது இதுவே. ஒருவரின் வங்கி மீதி மற்றொருவரின் திரையில் தோன்றலாம். ஆதலின், வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் வழங்கியிற் புதிய கருவியொன்றை ஆக்குதல் வேண்டும். உலாவியிலோ இதற்கு மாறாக, ஒரே கருவியை ஆக்கி இறுதிவரை காத்தல் வேண்டும். திரை மாறுந்தோறும் புதிதாக்கினால் அதன் நினைவு முழுவதும் அழிந்துபோம்.

அடுத்து, வழங்கி பெற்ற விடையை உலாவிக்குச் சேர்ப்பிக்கும் வழியைக் காண்போம். காய்கறியை வற்றலாக்கி ஊருக்கு அனுப்பி, அங்கே நீரில் ஊறவைப்பது போன்றது அது. கருவியின் நினைவை எழுத்து வடிவமாக்கிப் பக்கத்தோடு அனுப்புவர். உலாவி அதனை மீண்டும் நினைவாக்கிக் கொள்ளும். இதனைச் செய்யாவிடில், பெற்ற தரவையே உலாவி மறுபடியும் கேட்கும். இவ்வாறு அனுப்பும் தரவைப் பக்கத்தின் மூலத்தைத் திறந்து எவரும் படிக்கலாம் என்பதையும் மறத்தலாகாது. பயனர் காணத் தகாத எதுவும் அதிற் சேரலாகாது.

இறுதியாக ஒன்று. டான்ஸ்டாக் குவெரி, பெற்ற தரவைப் பெற்ற கணமே பழையதெனக் கொள்ளும் இயல்பினது. நாம் வேறு காலம் குறிக்காவிடில், பக்கம் வந்திறங்கியதும் உலாவி மீண்டும் வினவத் தொடங்கும். வழங்கி பட்ட பாடு வீணாகும். 60 விநாடி போன்றதொரு காலத்தைக் குறித்துவிட்டால் அவ்வீண் பயணம் நீங்கும்.

இவற்றுள் விரைவு பற்றியவை பிழைத்தால் பக்கம் சற்றுத் தாமதிக்கும். அதனைப் பின்னர்த் திருத்தலாம். பொதுக் கருவியால் வெளிப்பட்ட ஒருவரின் அந்தரங்கத்தை மீட்டல் அரிது. தனியொருவர் இருந்து சோதிக்கும்போது இப்பிழை புலப்படாது. இருவர் ஒரே வேளையில் வெவ்வேறு பெயரிற் புகுந்து பார்த்தலே தக்க சோதனையாகும்.