புயலுக்குப் பிந்தைய முதல் வாரம்

புயல் ஓய்ந்ததும் வீட்டைக் கழுவித் துடைக்கத்தான் கை பரபரக்கும். சற்றுப் பொறுங்கள். சேற்றை அள்ளுவதற்கு முன், சுவரில் தண்ணீர் நின்ற கோடு, சரிந்த கூரை, ஊறிப்போன சாமான்கள், எல்லாவற்றையும் வீட்டு எண் தெரியும்படி செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். இயல்பு நிலைக்குத் திரும்பும் அவசரத்தில் இழப்பீட்டுக்கான சான்றை நாமே அழித்துவிடுகிறோம்.

2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது: இழப்பீடு 600, வெட்டி அகற்ற 500. புதுக்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும் என்னும்போது இது மிகச் சிறிய தொகை. ஆனால் அதுவும் கணக்கெடுப்பில் ஏறிய மரத்துக்குத்தான்.

ஆடு மாடுகளுக்கும் இதே நிலைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மாடு ஒன்றுக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. நாற்றத்துக்குப் பயந்து உடனே புதைத்துவிட்டால் இறந்ததற்கு அத்தாட்சி ஏது? புதைக்குமுன் கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள். பயிருக்கு 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால்தான் நிவாரணம். கணக்கெடுக்க வருபவர்களோடு நீங்களும் வயலில் இறங்கி நில்லுங்கள். பட்டியலில் பெயர் விடுபட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கட்டாயம் வாங்குங்கள்.

தண்ணீரில் மூழ்கிய பைக்கையோ காரையோ ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். உள்ளே புகுந்த நீரோடு இன்ஜின் சுழன்றால் அது உடையும். அந்தச் சேதம் வெள்ளத்தால் வந்ததல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, கட்டி இழுத்தே ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். தேர்டு பார்ட்டி காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. கோரிக்கையை நியாயமின்றி மறுத்தால், முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம்.

புயல் ஓய்ந்த பிறகும் மின்சாரத்தால் உயிர் போகலாம். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லிவிட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அங்கே விடாமல் தடுத்து நில்லுங்கள். ஈரம் ஏறிய சுவிட்ச் போர்டை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடக் கூடாது. தேங்கிய நீரில் வேலை செய்தபின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வேலைக்குத் திரும்பும் முன்பே வாசலில் நிற்பது கடன்தான். கூலி இல்லாத வாரத்திலும் மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கேட்டு வருவார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு, மிரட்டுவதற்கு இல்லை. நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. உறவினர் வீட்டுக்குப் போய் மானத்தை வாங்குவதும் விதிமீறலே. இயற்கைப் பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களின் கடன் தவணையை வங்கிகள் மாற்றியமைக்க வழி இருக்கிறது, ஆனால் நீங்கள் எழுதிக் கேட்டால்தான் பேச்சே தொடங்கும். கடன் கொடுத்த நிறுவனத்திடம் புகார் கொடுத்தும் 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். வழி கேட்க 14448 என்ற எண்ணை அழையுங்கள்.