ரேஸ் காரில் பேட்டரி ஏன் டிக்கிக்குப் போகுது?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகளில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. "ரேஸ் கார் வீடியோ பார்த்தா பானெட்டுக்குள்ள பேட்டரியே இல்லை. டிக்கியிலோ, பக்கத்து சீட்டுக்குப் பின்னாலோ இருக்கு. ஏன்? நாமளும் மாத்தலாமா?"

ஏன் என்பதற்குப் பதில் சுலபம். எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கு. அதனால் இன்னைக்கு முதல் பாதி கொஞ்சம் கணக்கு. இரண்டாவது பாதி, அந்தக் கணக்கு நமக்குச் சொல்லாமல் விடுகிற ஆபத்து.

எடை எங்கே உட்காருது?

சாதாரண ஹேட்ச்பேக் ஒன்றை எடுத்துக்குவோம். எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் முன்னால், ரேடியேட்டர் முன்னால், ஓடுகிற சக்கரமும் முன்னால். டிரைவரோடு சேர்த்து 1000 கிலோ என்று வச்சுக்கலாம். இதில் 620 கிலோ முன் சக்கரங்கள் மேல், 380 கிலோ பின் சக்கரங்கள் மேல். இந்த மாதிரி கார்களில் 62-க்கு 38 என்பது ரொம்ப சாதாரணமான பங்கீடு.

இந்தக் கார் வளைவில் வேகமா நுழையும்போது என்ன ஆகும்? முன் டயர்தான் பிரேக் பிடிக்கணும், திருப்பணும், இழுக்கணும். அதன் தலைமேலேயே பாதிக்கும் மேற்பட்ட எடையும் உட்கார்ந்திருக்கு. ஒரு கட்டத்தில் டயர் கைவிட்டுடும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாம வெளிப்பக்கமா நழுவும். இதைத்தான் அண்டர்ஸ்டியர் என்று சொல்றோம்.

இப்போ 15 கிலோ லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று முன் அச்சுக்கு நேர் மேலே இருக்கு. அதைத் தூக்கிப் பின் அச்சுக்கு நேர் மேலே வைக்கிறோம். முன்னால் 605, பின்னால் 395. அதாவது 62 சதவீதம் 60.5 ஆகிடுச்சு. மொத்த எடை மாறவில்லை, எஞ்சினைத் தொடவில்லை, ஒன்றரை சதவீதம் நகர்ந்திருக்கு.

"ஒன்றரை சதவீதம்தானா?" என்று தோணலாம். ரேஸ் காரில் எஞ்சினை நகர்த்த முடியாது, கியர்பாக்ஸை நகர்த்த முடியாது. கழற்றி வேற இடத்தில் மாட்டக்கூடிய ஒரே கனமான பொருள் பெரும்பாலும் பேட்டரிதான். அதனால்தான் எல்லோர் கண்ணும் அதன் மேல. அதே நேரம் அளவையும் மறக்க வேண்டாம். 15 கிலோ என்பது சுமார் 20 லிட்டர் பெட்ரோலின் எடை. டேங்க் காலியாக ஆக, இவ்வளவு எடை தானாகவே மாறிக்கிட்டுதான் இருக்கு.

இந்த யோசனை புதுசும் இல்லை. 1959-இல் வந்த ஒரிஜினல் மினியில், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து முன்பக்கத்தை முழுசா அடைச்சுக்கிட்டதால், பேட்டரி டிக்கித் தரைக்குள் போய்விட்டது. மான்டி கார்லோ ராலியை 1964, 1965, 1967 என மூன்று முறை ஜெயித்த மினியும் இதே அமைப்புதான். போர்ஷே 911-இல் நிலைமை தலைகீழ். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குது. அதனால் 1969 மாடலில் ஒரு பேட்டரிக்குப் பதில் இரண்டு வச்சாங்க, காரின் முன் மூலைகளில் ஆளுக்கொரு பக்கமா. எடை எங்கே குறைவோ அங்கே பேட்டரி போகும், அவ்வளவுதான்.

டிக்கியா, சீட்டுக்குப் பின்னாலா?

நேர்கோட்டில் மட்டும் ஓடுகிற டிராக் ரேஸ் காருக்கு டிக்கிதான் சரி. பின் சக்கரம்தான் தள்ளுது, அதன் மேல் எடை ஏறினால் பிடிப்பு கூடும். எவ்வளவு பின்னால் வைக்கிறோமோ அவ்வளவு லாபம்.

இருங்காட்டுக்கோட்டை மாதிரி வளைவுகள் நிறைந்த டிராக்கில் ஓடுகிற காருக்கு இது அப்படியே பொருந்தாது. கார் வளைவில் திரும்பும்போது தன் நடுப்புள்ளியைச் சுற்றிச் சுழலணும். நடுவிலிருந்து ஒரு எடை இருக்கும் தூரம் இரண்டு மடங்கானால், சுழற்சிக்கு அது காட்டும் எதிர்ப்பு நான்கு மடங்காகும். டிக்கியின் கடைசி ஓரத்தில் 15 கிலோ வச்சா, கார் திரும்பத் தொடங்கவும் தாமதிக்கும், திரும்பின பிறகு நிறுத்தவும் தாமதிக்கும். அதோடு, பின்னால் இன்னொரு கார் வந்து இடிச்சா முதலில் நசுங்குகிற இடமும் அதுதான்.

அதனால் சர்க்யூட் கார்களில் நல்ல இடம், பக்கத்து சீட் இருந்த இடத்துக்குப் பின்னால், தரையோடு ஒட்டி. நம்ம ஊர் கார்களில் டிரைவர் வலது பக்கம். அவருடைய 70 கிலோவுக்கு எதிர் எடையா இடது பக்கம் கொஞ்சம் போனால் நல்லது. ஆனா ஒரு நிபந்தனை. டிரைவர் இருக்கிற அதே அறையில் ஆசிட் இருக்கக் கூடாது. சாதாரண வெட் பேட்டரி என்றால் கசியாத மூடிய பெட்டி வேணும், சார்ஜ் ஆகும்போது வருகிற ஹைட்ரஜன் வாயு வெளியே போக ஒரு குழாயும் வேணும். சீல் செய்த ஏஜிஎம் பேட்டரிக்கும் இந்தக் குழாய் தேவை. மாஸ்டா எம்எக்ஸ்-5 கம்பெனியிலிருந்தே டிக்கியில் பேட்டரியோடு வந்த கார். அதிலும் வாயு வெளியேறத் தனிக் குழாய் வச்சுதான் கொடுத்தாங்க.

இனிதான் முக்கியமான பகுதி

பானெட்டுக்குள் பேட்டரி இருந்தபோது, அதிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகிற பாசிட்டிவ் கேபிள் ஒரு முழம், ஒன்றரை முழம். பின்னால் போனதும் அதே கேபிள் 4 அல்லது 5 மீட்டர். டிரைவரின் சீட்டைத் தாண்டி, பெட்ரோல் லைன் பக்கத்தில், கூர்மையான தகட்டு ஓட்டைகள் வழியா போகுது. சாதாரண கார்களில் பெரும்பாலும் இந்தக் கேபிளில் ஃப்யூஸ் கிடையாது. பேட்டரியை மட்டும் நகர்த்தலை. எப்போதும் கரண்ட் இருக்கிற ஒரு கம்பியைக் காரின் முழு நீளத்துக்கும் இழுத்து வச்சிருக்கோம்.

அந்தக் கேபிளின் உறை உரசித் தேய்ந்து, செம்பு பாடியைத் தொட்டால்? நல்ல பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தள்ளும். நம்ம தெருமுனைப் பட்டறையில் கேட், கிரில் வெல்டிங் பண்ண 100 ஆம்பியர் சுற்றளவு போதும். அதைப் போலப் பத்து மடங்கு, பெட்ரோல் லைனுக்குப் பக்கத்தில். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று நினைப்பது இங்கேதான் ஏமாத்தும். ஷாக் அடிக்காது. தீப்பிடிக்கும்.

அதனால் நாலு வேலை கண்டிப்பா செய்யணும்.

ஒன்று, கேபிளின் தடிமன். செல்ஃப் அடிக்கும்போது 200 ஆம்பியர் போகுதுன்னு வச்சுக்குங்க. 5 மீட்டர் நீளத்துக்கு 25 ஸ்கொயர் எம்எம் செம்புக் கேபிள் போட்டா, வழியிலேயே 0.7 வோல்ட் காணாமப் போகும். 50 ஸ்கொயர் எம்எம் போட்டா 0.35 வோல்ட்தான். ஆனா அந்தத் தடிமனான கேபிளில் செம்பு மட்டுமே இரண்டேகால் கிலோ. எடையை நகர்த்தப் போய், கொஞ்சம் எடை கூடிடுச்சு. இதையும் கணக்கில் சேர்க்கணும்.

வேலை முடிஞ்சதும் ஒரு சுலபமான சோதனை. மல்ட்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், இன்னொரு முனை செல்ஃப் மோட்டார் டெர்மினலில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்குள் காட்டினால் சரி. அதிகமா காட்டினால் கேபிள் மெலிசு, இல்லைன்னா எங்கேயோ லக் சரியா க்ரிம்ப் ஆகலை.

இரண்டு, எர்த். போகிற வழியை எல்லோரும் தடிமனா போடுவாங்க, திரும்புகிற வழியை மறந்துடுவாங்க. பேட்டரி நெகட்டிவை பெயின்ட் சுரண்டின சுத்தமான தகட்டில் மாட்டணும். எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவிலும் அதே அளவு தடிமனான எர்த் ஸ்ட்ராப் வேணும். அது மெலிசா இருந்தா, கரண்ட் வேற வழி தேடும். ஆக்ஸிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியா திரும்பி, அதைச் சூடாக்கிக் கெடுத்துடும்.

மூன்று, ஃப்யூஸ். பேட்டரி டெர்மினலுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். முன்பக்கம் எஞ்சின் கிட்ட ஃப்யூஸ் வச்சால், இடையில் இருக்கிற 5 மீட்டருக்குப் பாதுகாப்பே இல்லை. ஃப்யூஸ் காப்பாற்றுவது அதைத் தாண்டின கேபிளைத்தான். செல்ஃப் அடிக்கும் முதல் நொடியில் கரண்ட் எகிறும் என்பதால், அதைத் தாங்குகிற மெதுவாக உருகும் வகை வேணும். கேபிள் தகட்டைத் துளைத்துப் போகிற ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் க்ரோமெட். இது பத்து ரூபாய் சமாச்சாரம். இது இல்லாமத்தான் உறை தேயுது.

நான்கு, கட்-ஆஃப் ஸ்விட்ச். இது உங்களுக்கு மட்டும் இல்லை, உங்களைக் காப்பாத்த ஓடி வருகிற மார்ஷலுக்கும் சேர்த்து. கார் கவிழ்ந்து கிடக்கு, பெட்ரோல் கசியுது, டிரைவர் மயக்கத்தில் இருக்கார். மார்ஷலுக்கு உங்க வயரிங் தெரியாது. சிவப்பு மின்னல் குறி போட்ட, வெள்ளை ஓரம் வச்ச நீல முக்கோணத்தைத்தான் தேடுவார். எஃப்ஐஏ விதிப்படி அந்த முக்கோணத்தின் அடிப்பக்கம் குறைந்தது 12 சென்டிமீட்டர் இருக்கணும். ஸ்விட்ச் காருக்குள்ளிருந்தும் எட்டணும், வெளியிலிருந்தும் எட்டணும்.

இந்த ஸ்விட்ச் வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனமா இருங்க. பேட்டரியை மட்டும் துண்டிக்கிற இரண்டு முனை ஸ்விட்ச் போதாது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் தானே கரண்ட் கொடுக்கும். பேட்டரியைத் துண்டிச்சாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கலாம், பெட்ரோல் பம்ப்பும் ஓடிக்கிட்டே இருக்கலாம். ஸ்விட்ச் திருப்பினால் எஞ்சினும் நிற்கணும், அதுதான் விதி. அதனால் ஆறு முனை ஸ்விட்ச். அது பேட்டரியையும் இக்னிஷனையும் ஒரே நேரத்தில் வெட்டும். ஆல்டர்னேட்டரில் மிச்சமிருக்கிற கரண்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியா எர்த்துக்கு அனுப்பி, வோல்டேஜ் எகிறி டயோடு போகாமலும் பார்த்துக்கும்.

ஸ்விட்சைப் பொருத்தினதும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஓடிக்கிட்டிருக்கும்போதே ஒரு தடவை திருப்பிப் பாருங்க. நிற்கலைன்னா அந்த ஸ்விட்ச் வெறும் அலங்காரம்.

பேட்டரியே பறந்தால்?

20 ஜி அளவில் ஒரு மோதல். 15 கிலோ பேட்டரி அந்த நொடியில் 300 கிலோ மாதிரி நடந்துக்கும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. அப்போ ஒன்றரை புல்லட் உங்க முதுகுக்குப் பின்னால் கட்டி வச்சிருக்கு. ரெக்ஸின் பெல்ட்டும், ஜிப் டையும் இதைத் தாங்குமா?

அதனால்தான் எஃப்ஐஏ-வின் குரூப் என் விதிகள் இதில் ரொம்பக் கறார். பேட்டரியை ஒரிஜினல் இடத்திலிருந்து மாற்றினால் உலோக இருக்கை, இன்சுலேஷன் போட்ட இரண்டு உலோகக் கிளாம்ப், குறைந்தது 10 மில்லிமீட்டர் போல்ட். ஒவ்வொரு போல்ட்டுக்கும் தகட்டின் அடியில் 3 மில்லிமீட்டர் தடிமனில், 20 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள தாங்கு தகடு. வெறும் வாஷர் போட்டா போல்ட் உடையாது, மெலிசான தரைத் தகடுதான் கிழிஞ்சுக்கிட்டு வரும்.

அப்போ மாத்தலாமா, வேண்டாமா?

முதலில் நீங்க ஓடப் போகிற கிளாஸின் விதிப் புத்தகத்தைப் பாருங்க. சில கிளாஸ்களில் பேட்டரியை நகர்த்தவே அனுமதி இருக்காது.

அனுமதி இருந்தாலும் இன்னொரு வழியை யோசிங்க. 15 கிலோ பேட்டரியை எடுத்துட்டு, அதே இடத்தில் 4 கிலோ லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வச்சால், 11 கிலோ காரை விட்டே போயிடுச்சு. நம்ம கணக்கில் முன்பக்கம் 62-லிருந்து 61.6 ஆகும். பங்கீட்டில் லாபம் கம்மிதான். ஆனா பிரேக், ஆக்ஸிலரேஷன், வளைவு எல்லாத்துலயும் 11 கிலோ குறைவு, நீளக் கேபிளும் தேவையில்லை. விலை அதிகம், உங்க ஆல்டர்னேட்டரின் சார்ஜிங் வோல்டேஜ் அதுக்குப் பொருந்துமான்னும் பார்க்கணும்.

என் கருத்தைக் கேட்டால், ஆரம்பத்தில் இருக்கிறவங்க பேட்டரியைத் தொட வேண்டாம். டயர், பிரேக் பேட், ஓட்டுற பழக்கம் இந்த மூணுலயும் கிடைக்கிற நேரம் இதைவிட அதிகம். அதையெல்லாம் முடிச்சு, விநாடியில் பத்தில் ஒரு பங்கைத் தேடுற கட்டத்துக்கு வந்தாச்சுன்னா தாராளமா மாத்துங்க. ஆனா பட்ஜெட் போடும்போது பேட்டரிப் பெட்டியின் விலையை மட்டும் எழுதாதீங்க. கேபிள், ஃப்யூஸ், க்ரோமெட், ஆறு முனை ஸ்விட்ச், தாங்கு தகடு எல்லாத்தையும் சேர்த்து எழுதுங்க. அதில் ஒன்றைக் குறைச்சாதான் பணம் கட்டுப்படியாகும்னா, இந்த சீசன் பேட்டரி பானெட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

அடுத்த எபிசோடில் கார்னர் வெயிட். நாலு தராசு வச்சு ஒரு காரை எப்படி எடை போடுறாங்கன்னு பார்ப்போம். கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.