கூழுக்கு ஓர் உறவு

உணவைப் பற்றி எழுதுவது தமிழ் கற்றவனுக்கு இழுக்கென்று கருதுவார் உளர். ஆயினும், பிறந்த ஊரை நினைக்குந்தோறும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது செய்யுளன்று, ஒடியற்கூழே. என் ஊர் இறுப்பிட்டி; புங்குடுதீவின் ஒரு கூறு. அங்கே வயல் குறைவு. பனை உண்டு, கடல் உண்டு. பனை தந்த மாவும், கடல் தந்த நண்டும் இறாலும் மீன்தலையும் ஒரு பானையிற் கூடுவதே கூழ்.

இக்கூழைப் பற்றி எனக்கு ஒரு செருக்கிருந்தது. இத்தகைய உணவு எம்மவர்க்கன்றி வேறெவர்க்கும் வாய்த்திலது என்றும், இதில் அயலார் கைபட்டது ஒன்றுமில்லை என்றும் வகுப்பிலே சொல்லி வந்தேன். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, சங்க நூல்களிலே மிளகாய் இருக்கோ?" என்று கேட்டாள். பாடத்துக்குப் புறம்பான கேள்வி என்று அவளை இருத்திவிட்டேன். விடை தெரியாதிருந்தால் அதனை மன்னிக்கலாம். விடை எனக்குத் தெரியும்.

சென்ற கோடையில் ரொறன்ரோவிலுள்ள என் தமக்கையார் வீட்டுக்குச் சென்றிருந்தேன். 1991 இல் தீவுப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது ஊரை விட்டவர் அவர். அவருக்கென ஒரு பை ஒடியல் மா கொண்டுபோனேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார், கண் கலங்கினார், பின் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "கூழ் காய்ச்சினால் குடிக்க ஆர் இருக்கினம், தம்பி? நாலு பேருக்குக் காய்ச்சிறதோ கூழ்?" என்றார். அவர் சொன்னது உண்மையே. கூழ் முற்றத்து உணவு. பானை இறக்கும்வேளை அயலட்டை அறிந்து வந்து, பிளாவைக் கோலிக்கொண்டு சுற்றி இருந்தாலன்றி அது கூழாகாது.

இரண்டு நாள் கழித்து மருமகன், "மாமா, எங்கட தெருவிலே ஒரு மெக்சிக்கோக்காரரின்ர சாப்பாட்டுக் கடை இருக்கு. எல்லாம் கடற்சாப்பாடுதான். வாங்கோ, அம்மாவும் வரட்டும்" என்று அழைத்தான். மறுக்க முடியவில்லை, போனோம்.

சிறிய கடை, ஆறு மேசைக்கு மேலில்லை. சமைப்பவர் முதிய அம்மையார் ஒருவர். மெக்சிக்கோவின் கீழைக் கரையிலுள்ள வேராக்குருசுத் துறைமுகத்தைச் சேர்ந்தவர். மருமகன் சொல்லிவைத்த உணவு ஆழ்ந்த கிண்ணத்தில் வந்தது. செந்நிறம், ஆவி பறந்தது, நடுவே நண்டுக்கால் ஒன்று மேலெழுந்து நின்றது. ஒரு கரண்டி உண்டேன். உறைப்பு, நண்டின் இனிமை, அவற்றைத் தாங்கிநிற்கும் ஒரு தடிப்பு. தமக்கையாரை நோக்கினேன். அவரும் என்னை நோக்கினார். "புளி காணாது" என்றார். வேறு குறை சொல்லவில்லை.

அதன் பெயர் சில்பச்சோலே. தக்காளியும் காய்ந்த மிளகாயும் இட்டு நண்டை அவித்து, சோளமாவைக் கரைத்து விட்டுத் தடிப்பாக்குவர். எமக்கு ஒடியல் எப்படியோ, அவர்களுக்குச் சோளம் அப்படி. ஒப்புமை இன்னும் ஒருபடி ஆழமானது. ஒடியல் மாவை அப்படியே உண்ணலாகாது. நீரில் ஊறவிட்டு, அந்நீரை வடித்துக் கயர்ப்பைப் போக்கியே கூழில் இடுவோம். அவர்களோ சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, ஊறவிட்டுக் கழுவிய பின்னரே அரைப்பர். ஐரோப்பியர் சோளத்தை மட்டும் கொண்டுபோயினர். சுண்ணாம்பை விட்டுச் சென்றனர். அதனால், சோளத்தையே பெரிதும் நம்பியுண்ட ஏழைகள் பெலகரா என்னும் கொடுநோய்க்கு ஆளாயினர். பொருளைக் கொள்வது எளிது. அதன் பின்னுள்ள அறிவையும் கேட்டுக் கொள்வதே அரிது.

இனி, மாணவியின் கேள்விக்கு வருகின்றேன். சங்க நூல்களில் மிளகு உண்டு. கறி என்பது அதற்கு ஒரு பெயர். மிளகாய் இல்லை. அது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மெக்சிக்கோ மண்ணில் பயிரானது. கொலம்பசு 1492 இல் அமெரிக்காவை அடைந்த பின்னரே கடல் கடந்தது; போர்த்துக்கீசர் வழியாக எம் நாடுகளை எய்தியது. காரத்தால் மிளகை ஒத்த காயை மிளகாய் என்றனர் நம் முன்னோர். அயற்பொருளுக்கு அவர்கள் இட்ட பெயரிலேயே அதன் வரலாறு கிடக்கின்றது. கூழிலிடும் மரவள்ளியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. ஆக, என் தூய பானையிலே பாதி வழி தூரத்து உறவினர் வீற்றிருக்கின்றனர்.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், புங்குடுதீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரை இட்டு மிடில்பர்க் என்றழைத்தனர். இன்று அப்பெயரை ஊரில் எவரும் வழங்குவதில்லை. மிளகாயோ அடுக்களைதோறும் இருக்கின்றது. அதிகாரம் இட்ட பெயர் போயிற்று. அடுப்பு ஏற்றுக்கொண்டது நின்றது.

நாங்கள் எழுந்தபோது பக்கத்து மேசைகளை நோக்கினேன். பல தேசத்தார் இருந்தனர். அந்த அம்மையாரும் தம் முற்றத்தை இழந்து வந்தவராக இருக்கலாம், தெருவையே முற்றமாக்கிக்கொண்டார். தமக்கையார் வழியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டை அடைந்ததும் அலுமாரியைத் திறந்தார்.

வந்த ஞாயிறன்று கூழ் காய்ச்சினார். இடப்பக்கத்து வீட்டாரும் வலப்பக்கத்து வீட்டாரும் வந்தனர். தமிழ் அறிந்தவர் அவர்களில் ஒருவரேனும் இலர். பிளா இல்லை; கடதாசிக் கோப்பையிற் குடித்தோம். அங்கேயே பிறந்த பேரப்பிள்ளை இரண்டாம் கோப்பை கேட்டான். அப்போது தமக்கையார் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை இறுப்பிட்டி முற்றத்திலே கண்டபின் அன்றுதான் மீண்டும் கண்டேன்.

ஊர் திரும்பியதும் அம்மாணவியை எழுப்பி, "மிளகாய் சங்க நூல்களில் இல்லை, பிள்ளை. அன்று நீ கேட்டது நல்ல கேள்வி, நான் சொல்லாமல் விட்டது பிழை" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. அவள் சிறிது எண்ணிவிட்டு, "அப்ப, ஐயா, மிளகாய் வரமுந்திக் கூழுக்கு என்ன போட்டவை?" என்று கேட்டாள்.

இம்முறை நான் அவளை இருத்தவில்லை.