தேய்ந்த தூண்டில் நூலின் மறுவாழ்வு

நூலை நம்பி வாழும் நமக்கு, எந்த நாட்டு நூலின் வரலாறும் அந்நியமானதன்று. பாவின் முனையில் மிஞ்சும் துண்டு நூலையும் வீணாக்காத நெசவாளரும், வாழைநாரை நனைத்துக் கட்டுக்கயிறாக்கும் விவசாயியும் நிறைந்தது நம் சங்கம். ஆகவே, மேல்நாட்டார் ஆற்றில் மீன் பிடிக்க வீசும் ‘ஈத் தூண்டில்’ நூலைப் பற்றியும், அது தேய்ந்தபின் அதற்குக் கிடைக்கும் மறுவாழ்வைப் பற்றியும் இங்கு எழுதத் துணிந்தோம்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் கனம் நூலை இழுத்துச் செல்லும். ஈத் தூண்டிலிலோ இரை, இறகும் இழையும் கொண்டு கட்டிய ஒரு பொய் ஈ. அதற்குக் கனம் என்பதே இல்லை. எனவே நூலே கனமுள்ளதாக இருந்து, சாட்டைபோல் சுழன்று, ஈயைச் சுமந்து செல்லவேண்டும். அதன் நீளம் பெரும்பாலும் 90 அடி, அதாவது சுமார் 27 மீட்டர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ட்ரவுட் மீனுக்கு இம்முறை பேர்போனது. நம் நீலகிரியிலும் ஆங்கிலேயர் இம்மீனைக் கொணர்ந்து வளர்த்தனர். அவலாஞ்சியில் 1907-ஆம் ஆண்டு அதற்கெனக் குஞ்சு பொரிப்பகம் நிறுவப்பட்டது.

ஆதியில் இந்நூல் குதிரைவால் மயிரை முறுக்கிச் செய்யப்பட்டது. பின்னர் பட்டு வந்தது. பட்டு இழைகளைப் பின்னி, ஆளிவிதை எண்ணெய் ஊட்டிக் காயவைத்தனர். நூலின் நுனியில் கட்டும் மெல்லிய இழையும் பட்டுப்புழு தந்ததே. புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டி அதனைச் செய்யும் தொழில் ஸ்பெயின் நாட்டு முர்சியாவில் செழித்திருந்தது. பட்டு நூலை மாலைதோறும் உலர்த்திக் கொழுப்புத் தடவி வைக்கவேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் இற்றுப்போகும். 1938-இல் நைலான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1950-களில் நைலான் பின்னலின்மேல் பிளாஸ்டிக் பூச்சிட்ட நூல் பரவியது. நாள்தோறும் பேணும் தொல்லை நீங்கிற்று. ஆனால் அதனோடு பேணும் வழக்கமும் பலரிடம் நீங்கிற்று என்றே சொல்லவேண்டும்.

இந்நாளைய நூலில் பெரும்பாலானவற்றுக்குப் பூச்சு பி.வி.சி. ஆகும். அதனை நெகிழ்வாக வைக்கும் சேர்மானம் வெயிலாலும் காலத்தாலும் குறைந்துகொண்டே வரும். கொசு விரட்டும் தைலம் பட்ட கை தொட்டாலும் பூச்சுக் கெடும். பிறகு அது வெடிக்கும். அழுக்கும் நீரும் உட்புகும். மிதக்கவேண்டிய நூல் மூழ்கத் தொடங்கும். அவ்வாறு கெட்ட நூலை வீசி மீன் பிடித்தல் இயலாது. எனினும் உள்ளிருக்கும் பின்னல் பெரும்பாலும் உரத்தோடுதான் இருக்கும். வேலைக்கு உதவாதது வேறு, வலுவிழந்தது வேறு; இதனை உணர்ந்தோரே மறுபயன் காண்கின்றனர்.

அவற்றுள் முதன்மையானது தோட்டப் பயன். நூல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பருமனும் வழவழப்பும் கொண்டதாதலால், தக்காளிச் செடியையும் கொடிகளையும் கோலோடு தளர்த்திக் கட்டினால், மெல்லிய நைலான் இழைபோல் தண்டை அறுப்பதில்லை. ஆரஞ்சு, மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறங்களில் வருவதால், பாத்தி பிடிக்கவும் வரிசை பார்த்து நடவும் இரு முளைகளுக்கிடையே இழுத்துக் கட்டுகின்றனர். மூக்குக்கண்ணாடிக்கும் சாவிக்கும் கழுத்துக் கயிறு பின்னுவோர் உண்டு. சுருட்டித் தைத்துத் தட்டும் கூடையும் செய்வோர் உண்டு. புதிதாக வீசப் பழகுவோருக்குப் புல்வெளியில் தேயவிட இதனினும் ஏற்ற நூல் கிடையாது.

ஆயினும் எல்லை அறிந்து பயன்படுத்தவேண்டும். பழைய நூலின் எஞ்சிய வலு வெளிப்பார்வைக்குத் தெரியாது. ஆகவே ஆள் தொங்கவோ பாரம் தூக்கவோ அது கூடாது. அடுப்பருகே வைக்கலாகாது; எரித்தலும் தகாது, எரியும் பி.வி.சி. அமில வாயுவைக் கக்கும். மரத்தில் இறுக்கிக் கட்டி மறந்தால், பருக்கும் தண்டில் அது புதைந்துவிடும். எல்லாவற்றிலும் கொடிது, கரையில் எறிந்து செல்லுதல். எறிந்த தூண்டில் நூல் பறவைகளின் காலிலும் சிறகிலும் சிக்கி அவற்றைக் கொல்கிறது. அமெரிக்காவில் 1990 முதல் ஒற்றையிழை நைலான் நூலைத் திரட்டி, உருக்கி, வேறு பொருளாக்கி வருகின்றனர். ஒற்றையிழைக்கு உகந்த அம்முறை, இரு பொருள்கள் ஒட்டியிருக்கும் பூச்சு நூலுக்கு எளிதில் பொருந்துவதன்று.

ஆதலின் மறுபயன் என்பது குப்பையைத் தள்ளிப்போடுவதே. அதனை அடியோடு ஒழிப்பதன்று என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. செடி கட்டிய பி.வி.சி. நூலும் ஒரு நாள் துண்டு துண்டாக மண்ணில் உதிரும்; அதற்குமுன் அதனை அவிழ்த்து எடுத்துவிடல் வேண்டும். வாழைநார் கிடைக்கும் தோட்டத்தில் வாழைநாரே மேல் என்பதில் ஐயமில்லை.

அப்படியாயின் உண்மைச் சிக்கனம் யாது? பழைய வேலையையே நூல் நீண்டநாள் செய்யும்படி பேணுதலே அது. மென்மையான சவுக்கார நீரில் கழுவி, துடைத்து, வெயில் படாமல் வைத்தால் பூச்சு நூலும் பல பருவம் உழைக்கும். இரு முனையும் ஒரே விதமாகச் சிறுத்து வரும் ஒருவகை நூல் உண்டு. ஒரு முனை தேய்ந்ததும் அதனை உருளையிலிருந்து கழற்றித் திருப்பிச் சுற்றினால், மறுமுனை புத்தம் புதிதாய் முன்னிற்கும். கிழிசல் கண்ட வேட்டியைத் தலைமாற்றி உடுத்திய நம் முன்னோர்க்கு இவ்வுபாயத்தை எவரும் கற்பித்திருக்கவேண்டியதில்லை.

அங்கத்தினர்களே, கழிவு என்று ஒதுக்குமுன் இரு வினாக்களை எழுப்புவோம்: இதில் எஞ்சியிருக்கும் வலு எவ்வளவு? அதற்கேற்ற வேலை எது? நூலாயினும், சாக்காயினும், கருவியாயினும், இவ்விரண்டுக்கும் விடை கண்டபின் வீசி எறிய நேர்வது சிறிதளவே இருக்கும்.