நீறு பூத்த நெருப்பு

அமெரிக்க வானியலாளர் ஹால்டன் ஆர்ப், விசித்திர வடிவம் கொண்ட விண்மீன் திரள்களின் படங்களைத் தொகுத்து 1966இல் வெளியிட்டார். மொத்தம் 338 பதிவுகள். அவற்றில் 220ஆம் எண்ணில் இருப்பது சர்ப்பம் விண்மீன் குழுவில், சுமார் 25 கோடி ஒளியாண்டு தொலைவில், உருக்குலைந்து கிடக்கும் ஒரு மங்கலான திரள். குறுக்கே ஒரு கரும்பட்டை ஓடுகிறது. பிரகாசத்துக்காக யாரும் அதைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

1983இல் ஐராஸ் என்ற செயற்கைக்கோள் வானத்தை அகச்சிவப்பில் அளந்ததும் நிலைமை தலைகீழானது. ஆர்ப் 220 வெளியிடும் ஆற்றல் ஒரு லட்சம் கோடி சூரியன்களுக்கும் மேல். அதில் மிகப் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவே வருகிறது. நீறு பூத்த நெருப்பு என்போமே, அதுதான் இது.

இங்கே நீறாக இருப்பது விண்வெளித் தூசு. கரியும் சிலிக்கேட்டும் கலந்த, புகைத்துகள் அளவே உள்ள பொடி. புதிதாகப் பிறந்த பெரிய விண்மீன்கள் புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் கொட்டுகின்றன. சுற்றியுள்ள தூசு அதை விழுங்கிச் சற்றே சூடாகிறது. சூடு என்றாலும் மைனஸ் 220 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடுதான்! அந்தக் குளிரிலும் தூசு 60, 100 மைக்ரான் அலைநீளங்களில் கதிர் வீசுகிறது. விழுங்கிய ஆற்றல் முழுவதும் வேறு உருவில் வெளியே வந்துவிடுகிறது. ஒளியை மறைக்கிறது என்று வானியலாளர்கள் நெடுங்காலம் நொந்துகொண்ட தூசுதான், தான் மறைத்த ஒளிக்குக் கணக்கும் காட்டுகிறது. இயற்கையின் இந்த நேர்மை எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பளிக்கிறது.

இதை அளப்பது எளிதல்ல. நீண்ட அகச்சிவப்பு அலைகளில் பெரும்பாலானவற்றை நம் காற்றிலுள்ள நீராவி தடுத்துவிடும். விண்வெளிக்குப் போனாலும், தொலைநோக்கி வெதுவெதுப்பாக இருந்தால் அதுவே அகச்சிவப்பில் ஒளிரும். ஐராஸின் ஆடி 57 சென்டிமீட்டர்தான். அதைத் திரவ ஹீலியத்தால் தனிச்சுழி வெப்பநிலைக்குச் சில டிகிரி மேலே வைத்திருந்தார்கள். பத்து மாதத்தில் ஹீலியம் தீர்ந்தது, பணியும் முடிந்தது. அதற்குள் வானத்தில் 96 சதவீதத்தை அளந்துவிட்டார்கள்.

அகச்சிவப்பு ஒளியைப் பிரித்து நிறமாலையாகப் பார்த்தால், உள்ளே எரிவது எது என்றும் ஓரளவு சொல்லலாம். விண்மீன்கள் பிறக்கும் இடங்களில், வளையங்களாகக் கோத்த கரிம மூலக்கூறுகள் 6.2, 7.7, 11.3 மைக்ரானில் பளிச்சென்று தெரியும். பெருங்கருந்துளை ஒன்று பொருளை விழுங்கிக்கொண்டிருந்தால், அதைச் சுற்றி எழும் கடுங்கதிர் அந்த மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும். நான்கு எலக்ட்ரான்களை இழந்த நியான் 14.3 மைக்ரானில் வலுவாகத் தென்பட்டால் சந்தேகம் இன்னும் உறுதியாகும். சாதாரண விண்மீன்களின் ஒளிக்கு நியானை அந்த அளவு உரிக்கும் வலு இல்லை.

ஆர்ப் 220 உண்மையில் இரண்டு சுருள் திரள்கள். சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதத் தொடங்கி, ஒன்றாகிக்கொண்டிருக்கின்றன. மோதலில் வாயு நடுவே குவிந்தது. 5,000 ஒளியாண்டு அகலமே உள்ள பகுதியில், நம் பால்வழி முழுவதிலும் உள்ள அளவு வாயு அடைந்துகிடக்கிறது. அங்கே சுமார் 200 பெரும் விண்மீன் கொத்துகள் பிறந்துள்ளன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் வெளியான படத்தில் இரு மையங்களையும் தெளிவாகக் காட்டியது. இடையே 1,200 ஒளியாண்டுதான்.

இத்தகைய திரள்கள் இன்றைய பிரபஞ்சத்தின் நம் பகுதியில் அபூர்வம். தொலைவில், அதாவது கடந்த காலத்தில், அதிகம். கோபி செயற்கைக்கோளின் அளவீடுகளிலிருந்து, வானமெங்கும் பரவிய அகச்சிவப்புப் பின்னணி ஒளியை 1998இல் அறிவித்தார்கள். இதுவரை விண்மீன்கள் வெளியிட்ட ஒளியில் ஏறக்குறைய பாதி, தூசு வழியாக இப்படி உருமாறித்தான் நம்மை அடைகிறது.

ஆர்ப் 220இன் மேற்கு மையத்திலோ தூசு மிகமிக அடர்த்தி. அகச்சிவப்புக் கதிரே அதற்குள் சிக்கிக்கொள்கிறது. அங்கே பசித்த கருந்துளை ஒன்று ஒளிந்திருக்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதனால் அந்த மையத்தை ஆராய்பவர்கள், தூசைத் துளைத்து வரும் இன்னும் நீண்ட அலைகளைத் தேடி, சிலியின் அடகாமா பாலைவனத்திலுள்ள அல்மா ஆண்டெனாக்களை அதன் பக்கம் திருப்பியிருக்கிறார்கள்.