எல்லைக்கல்லும் ஏழையின் காணியும்

விவிலியத்தின் நீதிமொழிகள் என்றதும் காலண்டர் தாளில் அச்சடிக்கும் நல்வாக்குகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 31 அதிகாரங்களையும் பொறுமையாகப் படித்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நாவடக்கத்தையும் எறும்பின் சுறுசுறுப்பையும் பேசும் அந்த நூல், அதே மூச்சில் தராசுத் தட்டையும் வயல் வரப்பையும் பேசுகிறது. எடையில் ஏமாற்றுவதைக் கடவுளுக்கே பொறுக்காத குற்றமாகச் சொல்கிறது 11ஆம் அதிகாரம். எல்லைக்கல்லை நகர்த்தக் கூடாது என்று 22ஆம் அதிகாரமும் 23ஆம் அதிகாரமும் எச்சரிக்கின்றன. தகப்பனில்லாப் பிள்ளைகளின் நிலத்தில் கை வைக்காதே என்று பின்னது கூடுதலாகவும் அதட்டுகிறது. பழைய எகிப்தின் அமெனெமோப்பே அறவுரையிலும் இதே எச்சரிக்கை உண்டு. அடுத்தவன் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொள்ளும் ஆசைக்கு அவ்வளவு வயது!

செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த அறம் ஒரு காலத்தில் வருவாய்த் துறை மனுவாகவே வடிவெடுத்தது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே மிராசி எனும் பரம்பரை நில உரிமை முறை கோலோச்சியது. ஊர்த் தரிசுக்கும் மிராசுதாருக்கே முன்னுரிமை. நிலம் கேட்டுத் தலித் ஒருவர் தர்க்காஸ்து மனு கொடுத்தால், மிராசுதார் ஆட்சேபணை சொல்லி அந்த நிலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள முடியும். சேரிக் குடிசை நிற்கும் மனைகூடப் பல இடங்களில் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. கூலி அதிகம் கேட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கும். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு, இந்த மக்கள் நிலம் பெறத் துணை நின்றார். செங்கல்பட்டுக்கு வடக்கே மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பும் உருவானது. மதம் மாற்றும் நோக்கம் மிஷனரிகளுக்கு இருந்தது உண்மைதான். ஆனால் பட்டினி கிடந்தவருக்குக் காணி கேட்டதை அதைக் காட்டித் தள்ளிவிட முடியாது. வாயற்றவருக்காகப் பேசு என்று லேமுவேல் அரசனுக்கு அவன் தாய் சொன்ன புத்தி, நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில்தானே இருக்கிறது!

1891இல் மாவட்ட ஆட்சியர் ஜேம்ஸ் ட்ரெமென்ஹீர், பறையர் நிலை குறித்து விரிவான அறிக்கை ஒன்றைச் சென்னை அரசுக்கு அனுப்பினார். மறு ஆண்டே அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. அப்படி ஒதுக்கப்பட்டவைதான் பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் 10 ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை.

நிபந்தனை ஏட்டில் இருந்தது. நிலமோ கடனுக்கும் மிரட்டலுக்கும் கள்ளப் பத்திரத்துக்கும் கை மாறிக்கொண்டே போனது. மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டம், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அவர்களுக்கு அஞ்சலி நடக்கிறது.

இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் சென்ட் கணக்கில் மனை விற்கிறார்கள். வாங்க வருபவர்கள் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் புரட்டுவதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். அந்த சர்வே எண் ஆதியில் ‘டிசி நிலம்’, அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பினர் நிலம் என்று ஒதுக்கப்பட்டதா என்பதைப் பழைய ‘ஏ’ பதிவேட்டில்தான் தேட வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.