உங்களுக்குத் தெரியுமா?

போட்டி நிறுவனத்தின் காலி பாக்கெட்டுக்கும் தன் சரக்கை இலவசமாகக் கொடுத்து வளர்ந்த ஷாம்பூ ஒன்று உண்டு. கடலூரில் பிறந்த 'சிக்'தான் அது. எந்த பிராண்டாக இருந்தாலும் சரி, ஐந்து காலி சாஷே கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே சும்மா. கொஞ்ச நாளில் நிபந்தனை மாறியது: இனி சிக் சாஷே மட்டும்! அதற்குள் ஜனங்களுக்குப் பழகிவிட்டது.

• குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்த சி.கே. ரங்கநாதன், 1983இல் சிக் நிறுவனத்தைத் தொடங்கியபோது கையில் இருந்த முதலீடு 15,000 ரூபாய்.

• அடமானம் வைக்க எதுவும் இல்லாததால் வங்கிகள் கைவிரித்தன. கடைசியில் 25,000 ரூபாய் கடன் கிடைக்கக் காரணம், அவர் ஒழுங்காக வருமான வரி கட்டியிருந்ததுதானாம். (வரி கட்டி லாபம் பார்த்தவர்!)

• ஷாம்பூவே பார்க்காத கிராமங்களில் நேரடி விளக்கம். ஒரு பையனை நிறுத்தி, எல்லார் முன்னாலும் தலையில் நுரை பொங்கத் தேய்த்து அலசுவார்கள். பிறகு கூட்டத்தில் இருப்பவர்கள் அவன் முடியைத் தொட்டு, முகர்ந்து பார்க்கலாம். ரஜினி படம் போட்டு, நடுநடுவே விளம்பரமும் காட்டினார்கள்.

• பின்னாளில் சாஷே விலை 50 பைசா வரை இறங்கியது.

• இன்று அந்த நிறுவனத்தின் பெயர் கெவின்கேர். 'கவின்' என்றால் அழகு. ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய எழுத்தில் வரும் சி, கே இரண்டும் ரங்கநாதனின் அப்பா சின்னி கிருஷ்ணனின் முதலெழுத்துகள்.